குரலைத் தின்னும் 35 சென்டிமீட்டர்

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். வீட்டு ஹாலில்தான் ரெக்கார்டிங். இரண்டு மைக், இரண்டு மைக் செருகும் அளவுக்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி), அவ்வளவுதான் இருக்கிறது. ஒவ்வொரு மைக்கில் பதிவானதையும் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் குழாய்க்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி கேட்கிறது. கடன் வாங்கியாவது நல்ல மைக் வாங்கிவிடலாமா?"

வேண்டாம். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அந்த இடத்தில் வைத்தால் புது மைக்கும் இதையேதான் செய்யும். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. பாடுகிறவரே கிட்டாரும் வாசிக்கிறார். வாய்க்கு நேராக ஒரு மைக், சுமார் 30 செ.மீ. தள்ளி. கிட்டாருக்கு முன்னால் இன்னொன்று, அது வாயிலிருந்து சுமார் 65 செ.மீ. தூரத்தில். கிட்டார் மெல்லிய ஒலி என்பதால் அந்த மைக்கின் கெயினை, அதாவது வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆக, குரல் இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பதிவாகிறது. ஆனால் ஒரே நேரத்தில் அல்ல.

ஒலி காற்றில் அழுத்த அலையாகப் பரவுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். அப்படியானால் 35 செ.மீ. கூடுதலாகக் கடக்க ஒரு மில்லிசெகண்ட் ஆகும். இவ்வளவு சிறிய நேரத்தைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. ஆனால் அலைகளுக்கு அது பெரிய நேரம்.

500 ஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுழற்சிக்கு 2 மில்லிசெகண்ட். ஒரு மில்லிசெகண்ட் தாமதம் என்றால் சரியாகப் பாதிச் சுழற்சி. முதல் மைக்கில் அலை மேட்டில் இருக்கும்போது இரண்டாவதில் பள்ளத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். 1000 ஹெர்ட்ஸில் தாமதம் ஒரு முழுச் சுழற்சி, அதனால் மேடும் மேடும் சேர்ந்து இரட்டிப்பாகிறது. 1500-இல் மறுபடி பூஜ்யம், 2000-இல் இரட்டிப்பு, 2500-இல் பூஜ்யம். இப்படியே மேலே மேலே போகிறது. வரைபடமாகப் போட்டால் சீப்புப் பற்கள் வரிசையாக நிற்பது போலிருக்கும். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை 'கோம்ப் ஃபில்டர்' (சீப்பு வடிகட்டி) என்பார்கள். மனிதக் குரலின் உயிரெழுத்துகளை அடையாளம் காட்டும் அதிர்வெண்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை அடியோடு உருவிவிட்டு, சிலவற்றை இரட்டிப்பாக்கினால் குழாய்ச் சத்தம் வராமல் என்ன செய்யும்? பாடுகிறவர் ரசித்துத் தலையை ஆட்டினால் தூரம் மாறும், பற்களும் நகரும். அந்த 'உய்ங்' என்ற வழுக்கல் அதனால்தான்.

சரி, மீள்வது எப்படி? அலைகள் முழுதாக அழிய வேண்டுமானால் இரண்டும் சம அளவில் இருக்க வேண்டும். திறந்த வெளியில் ஒலியழுத்தம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். குரல் முதல் மைக்குக்கு வரும் தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் இரண்டாவது மைக் இருந்தால், கெயின் சமமாக இருக்கும்வரை அதில் குரலின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். அப்போது மிக மோசமான அதிர்வெண்ணில்கூட மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். இழப்பு சுமார் 3.5 டெசிபல், அதைக் காது பொறுத்துக்கொள்ளும். எனவே குரல் மைக்கை 10 செ.மீ. வரை நெருக்குங்கள். கிட்டார் மைக்கையும் கிட்டாருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் கெயினைக் குறையுங்கள்.

அடுத்து, கிட்டார் மைக்கின் முதுகை வாயின் பக்கம் திருப்புங்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். மேடைகளில் பார்க்கும் சாதாரண மைக்குகள் பெரும்பாலும் 'கார்டியாய்டு' வகை. முன்னால் வருவதைக் கேட்கும், பின்னால் வருவதை ஒதுக்கும். எப்படி? உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பின்புறமும் ஒலி நுழையத் துளைகள் உண்டு. பின்னாலிருந்து வரும் ஒலி அந்தத் துளைகளை முதலில் எட்டுகிறது. ஆனால் உள்ளே அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் தடை வைத்திருக்கிறார்கள். அதே நேரத்தில் அந்த ஒலி வெளியே சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து சேர்கிறது. சவ்வின் இருபுறமும் ஒரே கணத்தில் ஒரே அழுத்தம். தள்ளுவதும் எதிர்த்தள்ளலும் சமமாகிவிட, சவ்வு ஏறக்குறைய அசைவதே இல்லை. நம் பாட்டைக் கெடுத்த அதே தாமதக் கணக்கு, ஒரு விரற்கடை இடத்துக்குள் நமக்காக வேலை செய்கிறது! மேடையில் சிலர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பாடுவார்கள். பின்துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கும். உடனே ஸ்பீக்கர் 'கீய்ங்' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள்.

ட்ரம்ஸுக்கு இரண்டு மைக் போதுமா என்றும் கேட்டிருந்தார். போதும், அதற்கு ஒரு நூல் வேண்டும். ஸ்நேர் எனும், பளிச்சென்று அடி விழும் சிறிய ட்ரம்மின் நடுவில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனை எட்டும் தூரத்தில் தலைக்கு மேலே ஒரு மைக், அதே நூலளவில் ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய ட்ரம்) பக்கம் இன்னொன்று. தூரம் சமம் என்பதால் ஸ்நேர் அடி இரண்டிலும் ஒன்றாக வந்து சேரும், சிதையாது. ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின் குழுக்களுக்குப் பதிவு செய்த க்ளின் ஜான்ஸின் பெயரால் அறியப்படும் முறை இந்தச் சம தூரத்தை வைத்துத்தான் நிற்கிறது.

ஆளுக்கொரு போனில் பதிவு செய்து பிறகு சேர்க்கலாமே என்று பலரும் நினைப்பார்கள். ஒவ்வொரு போனும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் ஏறக்குறைய 5 மில்லிசெகண்ட் விலகிவிடும். தொடக்கத்தில் கைதட்டலை வைத்துக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தாலும் சரிதான். வேறு யாருடைய ஒலியும் கசியாத அடுத்த அறையில் இருக்கும் வாத்தியத்துக்கு மட்டும் போனைப் பயன்படுத்துங்கள்.

அறையின் எதிரொலியைக் குறைக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். கெட்டியான சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது. அசையாத காற்றில் உராய்வும் இல்லை, எனவே அங்கே ஒட்டிய மெல்லிய அட்டையால் பெரிதாக எதையும் உறிஞ்ச முடியாது. 500 ஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரிலிருந்து கால் அலைநீளத்தில், அதாவது ஏறக்குறைய 17 செ.மீ. தள்ளித்தான் காற்று அதிகம் அசைகிறது. அந்த இடத்தில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள்.

இத்தனையும் ஏழை மாணவர் கைக்கு எட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் மின்னூட்டத்தைப் பல ஆண்டுகள் பிடித்துவைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் படலத்தைக் கொண்டு எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். மலிவான கண்டென்சர் மைக்குகள் பலவும் அந்த வழியில் வந்தவை. உடனடி லாபம் கேட்காமல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் இடங்களில்தான் இப்படிப்பட்டவை பிறக்கின்றன. ஆராய்ச்சிக்கான நம் நாட்டுச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கீபோர்டையும் பேஸ் கிட்டாரையும் கேபிளில் நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகுங்கள், அவற்றுக்கு மைக்கே வேண்டாம். முதலில் ட்ரம்ஸ், பிறகு இவை, கடைசியில் குரலும் கிட்டாரும். எல்லாம் முடிந்ததும் மிக்ஸை மோனோவாக்கி, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே ஒலியாகச் சேர்த்து, போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். குரல் மெலிந்து போனால் கிட்டார் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'இன்வர்ட்' கட்டளையைக் கொடுத்து அலையைத் தலைகீழாக்கி மறுபடி கேளுங்கள். இரண்டில் எதில் குரல் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மெலிந்தே இருந்தால் மைக்கை நகர்த்திவிட்டு இன்னொரு டேக் எடுங்கள்.