பயிர் வாடணும்னு மீட்டிங்ல முடிவு பண்ணாங்க

போன மாசம் மன்னார்குடி பக்கம் எங்க ஊருக்கு போயிருந்தப்ப அக்கா பையன் மூஞ்சிய தொங்கப்போட்டுகிட்டு திண்ணைல உக்காந்திருந்தான், என்னடான்னு கேட்டா பதில் இல்ல. அப்புறம்தான் அக்கா சொல்லுச்சு, குறுவை நெல்ல கொள்முதல் நிலையத்துல போட்டு எங்க அப்பா, அதாவது அவன் தாத்தா, அக்கவுண்டுக்கு வந்த பணத்துல 8,400 ரூபாய் ஒரு கேம்ல போயிடுச்சாம். தாத்தா போன், தாத்தா யூபிஐ, பின் நம்பர் பேரனுக்கு தெரியும். எல்லாரும் அவனத்தான் திட்டுறாங்க. எனக்கு திட்ட வாய் வரல, ஏன்னா அவன் அமுக்குன மாதிரி பட்டன டிசைன் பண்றதுதான் பத்து வருஷமா என் வேலை.

முன்ன நான் இருந்த கம்பெனில ஒரு விவசாய கேம் பண்ணோம். மேட்டூர் தொறந்து தண்ணி கடமடைக்கு வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கறது, நாத்து விடுறது, நடவு, அறுப்புன்னு சின்ன வயசுல பாத்தத எல்லாம் வச்சு மூணு மாசம் உயிர கொடுத்து டிசைன் பண்ணேன், யாரும் கேக்காமலே ராத்திரி வாய்க்கால்ல தவளை சத்தம் கூட வச்சேன். விளையாடி பாத்தவங்களுக்கு ரொம்ப புடிச்சுது. கொஞ்ச நேரம் ஆடிட்டு திருப்தியா மூடி வச்சிட்டு போனாங்க. மீட்டிங்ல அந்த திருப்திதான் பிரச்சனைன்னு சொன்னாங்க! ரிட்டென்ஷன் பத்தல, அதாவது இன்னிக்கு வந்தவன் நாளைக்கு வரானா, ஏழாம் நாள் வரானா, முப்பதாம் நாள் வரானான்னு ஒரு கணக்கு இருக்கு, அது ஏறணும்.

அதனால பயிர் வாடணும்னு முடிவாச்சு. நாலு மணி நேரத்துக்குள்ள வந்து பாக்கலன்னா காஞ்சிடும், காப்பாத்தணும்னா நெச காசு கொடுத்து வைரம் (கேமுக்குள்ள மட்டும் செல்லுற காசு) வாங்கணும், ராத்திரின்னு கூட பாக்காம "உங்க பயிர் வாடுது"ன்னு நோட்டிஃபிகேஷன் போகும். தண்ணி வராம நெசமாவே பயிர் காஞ்சத பாத்த வீட்டுல பொறந்தவன் நான். அந்த பயத்த எடுத்து விக்க சொன்னாங்க, நானும் செஞ்சு கொடுத்தேன். வருமானம் ஏறுச்சு.

இது புதுசும் இல்ல. 2009ல ஃபேஸ்புக்ல வந்த ஃபார்ம்வில்ங்கற விவசாய கேம்லயே நேரத்துக்கு அறுக்கலன்னா பயிர் வாடிடும். ஆனா 2016ல வந்த ஸ்டார்டியூ வேலிங்கற இன்னொரு விவசாய கேமை பாருங்க, எரிக் பரோன்னு ஒத்த ஆளு நாலு வருஷத்துக்கு மேல உக்காந்து படம், இசை, கோடிங் எல்லாத்தையும் தானே பண்ண கேம். அதுல ஒரு நாள் தண்ணி ஊத்தலன்னா பயிர் அன்னிக்கு வளராது, அவ்ளோதான், சாகாது. நீங்க கேமை மூடுனா அங்க நேரமும் நின்னுடும். ஒரு தடவ காசு கொடுத்தா போதும், பின்னாடி வந்த பெரிய அப்டேட் எல்லாம் இலவசமா கொடுத்தாரு. கோடிக்கணக்குல வித்துச்சு.

காசு வாங்குறது தப்புன்னு நான் சொல்ல வரல. சுவாமிமலைல ஸ்தபதிங்க மெழுகு மேல காவேரி வண்டல பூசி சாமி சிலை வார்ப்பு எடுக்குறாங்க, ஆர்டர் வாங்கித்தான் செய்றாங்க, விலை பேசித்தான் கொடுக்குறாங்க. ஆனா வேணும்னே ஒரு விரல ஒடச்சு வச்சிட்டு அத ஒட்டித்தர தனியா காசு கேக்க மாட்டாங்க. எங்க தொழில்ல பாதி கேம் அப்படித்தான் ஓடுது.

பெத்தவங்களுக்கு சொல்றேன், ரூபாய்னு போட்டா புள்ள யோசிப்பான், வைரம்னு போட்டா யோசிக்க மாட்டான், அதுக்குத்தான் வைரம். 80 வைரம் தேவைப்படும், நாங்க 100ஆ தான் விப்போம், மிச்சம் 20 கைல நிக்கும், அத வீணாக்க மனசு வராம மறுபடி வாங்குவான். இதுல அவன் மேல மட்டும் கோவப்படுறது நியாயமே இல்லங்க. 2025ல மத்திய அரசு காசு கட்டி காசு ஜெயிக்கிற ஆன்லைன் கேமுக்கு தடை போட்டுச்சு, ஆனா இந்த வைரம் வாங்குறது அதுல வராது. அதனால யூபிஐ பின்ன மாத்துங்க, பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவ வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைங்க. காசு போயிடுச்சுன்னா அழுதுகிட்டு உக்காராம 48 மணி நேரத்துக்குள்ள கூகுள்ல ரீஃபண்ட் கேளுங்க.

கேம் டிசைன் படிக்கலாமான்னு கேக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு: தாராளமா வாங்க. வேலைக்கு சேர்ந்தப்புறம் ஒரு தடைய டிசைன் பண்ண சொன்னா, அத தாண்டுறதுல விளையாடுறவனுக்கு சந்தோஷம் இருக்கா, இல்ல தாண்ட முடியாம காசு கட்டணும்னே வைக்கிறோமான்னு மீட்டிங்லயே வாய்விட்டு கேளுங்க. நான் அன்னிக்கு கேக்கல.

ஊருக்கு போயிருந்த அன்னிக்கு சாயங்காலம் அக்கா பையன பக்கத்துல உக்கார வச்சு அந்த கேமை தொறந்து, எது எதுக்கு எங்க இருக்குன்னு ஒவ்வொண்ணா காட்டுனேன். ரொம்ப நேரம் பேசாம பாத்துகிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான், "மாமா, நீங்களும் இப்படி பண்ணிருக்கீங்களா?"

ஆமான்டான்னேன்.