குறியீடு: உடைந்த ஓட்டின் மறுபாதி

‘சிம்பல்’ என்பதைத் தமிழில் சின்னம் என்பதா, குறியீடு என்பதா? ஏணியும் விளக்குமாறும் நிற்கும் பழைய பண்ணைப் புகைப்படங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கேள்விதான் முதலில் காலை இடறுகிறது.

மூலச்சொல் கிரேக்கத்தின் ‘சும்போலோன்’. சேர்த்துப் போடுவது என்பது அதன் வேர்ப்பொருள். விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒரு பானை ஓட்டையோ எலும்பையோ உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் இரு பாதியும் பொருந்தினால் பழைய உறவு உறுதியாகும்.

சின்னம் வடமொழி வழி வந்தது. பேசி முடித்துவிட்ட அடையாளத்துக்கு அது போதும்: வாக்குச்சீட்டில் கதிர் அரிவாளைக் கண்டு எவரும் பொருள் தேடுவதில்லை, கட்சி தெரிந்துவிடும். குறியீட்டில் குறியோடு ‘இடு’ சேர்ந்து ‘ஈடு’ என நீண்டிருக்கிறது. கெடு கேடானதைப் போல. அதே சொற்களை இடம் மாற்றினால் ‘இடுகுறி’, அதாவது காரணமில்லாமல் இட்ட பெயர். இலக்கணக்காரர்களுக்கும் குறும்பு உண்டு போலும்.

இங்கிலாந்தின் லேக்காக் கிராமத்தில், புகைப்படக்கலை முன்னோடிகளில் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844இல் எடுத்த ‘திறந்த கதவு’ படத்தில் ஆள் இல்லை. பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு, வாசலில் சாய்ந்த விளக்குமாறு, சுவரில் ஒரு லாந்தர். இதே காட்சியை அவர் முன்பு எடுத்த ஒரு படத்துக்கு அவருடைய தாய் வைத்த பெயர் ‘விளக்குமாற்றின் தனிமொழி’. பெருக்கியவர் எங்கே போனார் என்று நாம் கேட்கத் தொடங்கும்போது மறுபாதி நம் கையிலிருந்து வந்து பொருந்துகிறது. ஆகவே இது குறியீடு, சின்னம் அல்ல.

ஆனால் கண்ட கருவிக்கெல்லாம் இந்தச் சொல்லைச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய புகைப்படத் தாளில் உருவம் பதிய நேரம் பிடித்தது. வேலையாள் அசைந்தால் கலங்கிப்போவார், கருவி அசையாது. அது படத்தில் இடம்பெற அந்தப் பொறுமையே பாதிக் காரணம். அதே ஆண்டில் அவர் எடுத்த, உலர்புல் போரில் ஏணி சாய்ந்திருக்கும் படத்தோடு அச்சிட்ட குறிப்பில், ஓவியர் எவரும் மெனக்கெட்டு வரையாத நுண்விவரங்களையும் புகைப்படக்கலை காட்டும் என்கிறார் டால்பட். குறியீடு பற்றிப் பேச்சே இல்லை. விண்ணுக்கு ஏறும் வழி என்று அந்த ஏணிக்கு உரை எழுதலாம். எனக்கு அது போரில் ஏறப் போட்ட ஏணிதான்.