மட் ஃபிளாப்பைக் கழற்றிவிட்டு எஃப்.சி.க்குப் போகாதீங்க

பிக்கப்புக்கு மட் ஃபிளாப் (சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தடுப்பு) தேவையா என்ற கேள்வி எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, நெருங்கும்போதுதான் வருகிறது. இட்டேரிப் பாதையில் கல்லில் மாட்டிக் கிழிந்து ஒரு பக்கம் தொங்கும், சனியன் என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கம்பெனியில் வந்த பாகத்தைக் காணோம் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்ப அது ஒன்றே சாக்கு. ரப்பர் துண்டுக்காக ஒரு நாள் வாடகை போய்விடும்.

சட்டம் இவ்வளவுதான்: சரக்கு வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம் தகுதிச் சான்று. காலாவதியானால் பதிவில்லாத வண்டிக்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டம் 192-வது பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அந்த நாட்களில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் தகராறுதான்.

புது ஃபிளாப்பை காலி வண்டியில் அளந்து மாட்டுவதுதான் பெரிய தப்பு. மஞ்சள் மூட்டையோ தேங்காயோ ஏற்றினால் பட்டா ஸ்பிரிங் இறங்கும், ஃபிளாப் தரையில் இழுபடும். முழு லோடில் தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அகலம் டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே நாலு விரல் விடாவிட்டால் ரிவர்ஸில் மண்மேட்டில் ஏறும்போது டயரே அதைக் கடித்து இழுத்துவிடும். போல்டை நேராக ரப்பரில் முடுக்கினால் ஓட்டை கிழியும். மேலே ஒரு இரும்புப் பட்டை வைத்து மூன்று போல்டாவது போடுங்கள். முன் சக்கரத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி உரசுகிறதா என்று பாருங்கள். கல் உடைக்கும் கிரஷரில் கிடைக்கும் பழைய பெல்ட்டை வெட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. கனம் தாங்காமல் பிராக்கெட் வளையும்.

ஆனால் வண்டியைவிட, ஆர்.டி.ஓ. ஆபீஸ் கட்டடத்துக்குள்தான் அலைச்சல் அதிகம். பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. பழைய ஓனர் நம்பருக்கோ டீலர் நம்பருக்கோ போகும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள், வாசலில் நிற்கும் புரோக்கருக்கும் இதுதான் வருமானம். ஒரு மாதம் முன்பே நம்பரை மாற்றி வையுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். மறந்துபோன இ-சலான் (ஆன்லைன் அபராதம்) ஒன்று கிடந்தாலும் சிக்கல்தான். எல்லாவற்றையும் முந்தின வாரமே பாருங்கள், கவுண்டரில் ஒவ்வொன்றாகத்தான் சொல்வார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்ப்பது லைட், ஹாரன், கண்ணாடி, வைப்பர், பிரேக், ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் கவனமாக இருங்கள்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, ஏ.ஐ.எஸ். 090 என்ற வாகனத் தரக் குறியீடு உள்ளது. புது ஃபிளாப் பின் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது. முன்னால் மாட்டிய இரும்புத் தடுப்பைக் (பம்பர் கார்டு) கழற்றிவிட்டே போங்கள்.

அப்படியும் "சரியில்லை, அடுத்த வாரம் வா" என்றால் சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 56-வது பிரிவிலேயே இருக்கிறது. வாயால் சொன்ன குறை வாரத்துக்கு ஒன்றாக மாறும், தாளில் எழுதியது மாறாது. கேட்டவுடன் சில குறைகள் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டுங்க. எழுதிக் கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்து மறுபடி காட்டுங்கள். அது நியாயமில்லாத காரணம் என்றால், உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.