ஏரியின் கொள்ளளவைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்?

கோடை வந்தால் போதும், கல்யாண வீட்டில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது: "ஊர் இவ்வளவு பெருசாயிடுச்சே சார், சென்னைக்கு இன்னொரு அணை கட்டினா என்ன?" நீர்த்தேக்கங்களின் ஆழத்தையும் வண்டலையும் அளப்பது என் தொழில் என்பதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு எங்கே கட்டுவது என்று கேட்பேன்.

மேட்டூரில் இரண்டு பக்கமும் மலை, நடுவில் சுவர் எழுப்பினால் 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் நிலம் தாம்பாளம் மாதிரி தட்டை. அதனால்தான் சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகளில் பூண்டியின் முழு ஆழம் 35 அடி, செம்பரம்பாக்கம் 24 அடி, புழல் 21 அடியும் கொஞ்சமும். சோழவரத்தையும் கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகையையும் சேர்த்து ஐந்தும் ததும்பி நின்றாலும் 11,757 மில்லியன் கன அடிதான், அதாவது 12 டிஎம்சிகூட இல்லை (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). மேட்டூர் ஒன்று மட்டும் 93.47 டிஎம்சி. ஆழம் இல்லாத இடத்தில் தண்ணீர் அகலமாகப் பரவி நிற்கும், அகலமாக நிற்கிற தண்ணீரை வெயில் சும்மா விடாது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50 லட்சம் லிட்டர் போய்விடும். 12,000 லிட்டர் லாரி நானூறுக்கு மேல், தினமும், ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும்.

அடுத்தது வண்டல். பூண்டிக்கு அடிக்கல் நாட்டியபோது சத்தியமூர்த்தி சென்னையின் மேயர். 1944இல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை, ஏரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளத்திலும் கொசஸ்தலையாறு தண்ணீரோடு மண்ணையும் கொண்டு வந்து கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் கரையை 2 அடி உயர்த்தினார்கள், அடியில் சேருகிற மண் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயத்தில் ஒரு ஏரியின் நடுவே நடந்து போனேன். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட முடிந்தது, உள்ளே இன்னும் ஈரம். கூட வந்த லஸ்கர் முப்பது வருஷமாக அங்கே ஷட்டர் ஏற்றி இறக்குகிறவர், மதகுப் படிக்கட்டைக் காட்டி, "நான் வேலைக்குச் சேந்தப்போ இதுக்குக் கீழ இன்னும் மூணு படி தெரியும் சார்" என்றார். கம்பியைக் குத்திப் பார்த்தேன். மூன்றாவது படி தட்டுப்பட்டது, இரண்டு அடிக்கும் கீழே. அலுவலகப் பதிவேட்டில் மட்டும் அந்த ஏரியின் கொள்ளளவு அதே பழைய எண்.

சரி, தூர்வாரினால் தீர்ந்ததா? எப்படி வாருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்தில் வேகம் குறைந்து கனமான மண்ணை அங்கேயே இறக்கிவிடும், ஆகவே மேடு தட்டுவது பெரும்பாலும் தலைப்பகுதியில்தான். ஆனால் லாரி வருவதற்குப் பாதை கரைப் பக்கம்தான் இருக்கும், அங்கேயே தோண்டிவிட்டுப் போகிறார்கள். ஓர் இடத்தில் மதகின் அடிமட்டத்துக்கும் கீழே பத்தடிக் குழி எடுத்திருந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழியில் நிற்கிற தண்ணீர் மதகு வழியாக ஒரு சொட்டும் வெளியே வராது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். கரையின் காலடியில் தோண்டினால் கரைக்கே ஆபத்து, அடியில் இருக்கும் களிமண் படுகையைப் பெயர்த்துவிட்டால் தண்ணீர் நிலத்துக்குள் கசிந்து போகும். உங்கள் ஊர் ஏரியில் பொக்லைன் நிற்பதைப் பார்த்தால் எங்கே தோண்டுகிறார்கள், எவ்வளவு ஆழம் என்று தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், இரண்டு மூன்று மாதத்துக்குள். நவம்பரில் ஏரி நிரம்பி வரும்போது திறந்துவிட்டு, அப்புறம் மழை நின்றுபோனால் மே மாதம் குடம் தூக்குவது யார்? திறக்காமல் வைத்திருந்து டிசம்பரில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2015 காட்டியது: செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி, கீழே அடையாற்றங்கரையில் ஜனங்கள். ஏரியில் வண்டல் ஏற ஏற, வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடமும் அதே அளவு குறைகிறது. ஆகவே கோடையில் குழாயில் காற்று வருவதற்கும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் பாதிக் காரணம் ஒன்றே.

புதிய நீர்த்தேக்கமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை 2020இல் திறக்கப்பட்டது, இரண்டு பாசன ஏரிகளை இணைத்துக் கட்டியது, கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. நகரத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லியன் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அது 14 நாள் தண்ணீர். அந்த 14 நாளும் பெரிசுதான், ஆனால் அதற்காக விவசாயிகள் நிலம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ஏரிகளில் வண்டல் அடைத்துக்கொண்டிருக்கிற இடத்தை மீட்டால் புதிதாக யாருடைய வயலும் மூழ்க வேண்டியதில்லை, வரத்துக் கால்வாய்களில் கட்டியிருக்கிற கட்டடங்களை எடுத்தால் மழைத் தண்ணீரும் தானாக வந்து சேரும்.

ஏரிகளின் இருப்பு தினமும் செய்தியில் வருகிறது, கொள்ளளவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று. இருப்பை எல்லாரும் பார்க்கிறோம். அதற்கு முன்னால் இருக்கிற எண்ணைக் காட்டி, இது எந்த வருஷம் அளந்தது என்று ஒரு மனு போட்டுக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான் கட்டணம்.