துருவுக்கும் சாம்பலுக்கும் நடுவே

துளையிடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தரையில் வரிசையாகச் சின்னச் சின்ன மண் குவியல்கள். சில அடி ஆழத்துக்கு ஒன்று என்று, உள்ளிருந்து வந்த தூளை அப்படியே கொட்டி வைத்திருக்கிறார்கள். யுரேனியம் தேடும் புவியியலாளர் குனிந்து பார்ப்பது முதலில் நிறத்தைத்தான். இந்தத் துளையில் மணற்கல் துரு நிறம். சில நூறு மீட்டர் தள்ளிப் போட்ட துளையில் அதே மணற்கல் சாம்பல் நிறம். அவருக்கு அது போதும். அடுத்த துளை இரண்டுக்கும் நடுவில்.

காரணம் யுரேனியத்தின் குணத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் உள்ள நீரில் அது கார்பனேட்டோடு சேர்ந்து எளிதாகக் கரையும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் எலக்ட்ரான்களைப் பெற்று, கரையாத தாதுவாகப் படிந்துவிடும். கிரானைட்டிலும் எரிமலைச் சாம்பலிலும் துளித்துளியாக இருக்கும் யுரேனியத்தை மழைநீர் கரைத்துக்கொண்டு மணற்கல்லுக்குள் இறங்குகிறது. மேலும் கீழும் களிமண் அடுக்கு இருந்தால் நீர் வேறெங்கும் போகாது, மணலுக்குள்ளேயே ஊர்ந்து போகும். வழியில் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாதுவைத் துருப்பிடிக்க வைத்தே தன் ஆக்சிஜனை இழக்கும். அது தீர்ந்து, மக்கிய மரத்துண்டும் பைரைட்டும் கிடக்கும் சாம்பல் மணலைத் தொடும்போது, சுமந்து வந்த யுரேனியத்தை மணல்மணிகளின் மேல் கருப்புப் பூச்சாக விட்டுவிடுகிறது.

கதை அங்கே நிற்பதில்லை. பின்னால் புதிய ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். படிந்தது மறுபடி கரையும், கொஞ்சம் முன்னால் போய் மறுபடி படியும். துரு ஓர் அடி நகர்ந்தால் யுரேனியமும் ஓர் அடி நகரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால், நீர் ஓடும் திசையில் புடைத்த பிறை போலத் தெரியும். இதற்குப் பெயர் ரோல் ஃபிரண்ட். அமெரிக்காவின் வயோமிங்கிலும் கஜகஸ்தானின் சூ-சாரிசு படுகையிலும் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். எல்லாமே பிறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேகாலயாவின் மகாதேக் மணற்கல்லில் கரிமப் பொருளை ஒட்டித் தட்டையாகப் படிந்திருக்கிறது. கொலராடோ பீடபூமியில் புதைந்த மரக்கட்டைகளே தாதுவாக மாறிக் கிடந்தன.

சரி, கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு நடந்தால் கண்டுபிடிக்க முடியாதா? மேலே தலைகாட்டினால் முடியும், சில சமயம் கருவியே வேண்டாம். 1950-இல் நியூ மெக்சிகோவில் பேடி மார்ட்டினெஸ் என்ற நவாஹோ ஆட்டிடையர் ஒரு மஞ்சள் நிறக் கல்லை எடுத்துக்காட்டியதில்தான் அங்கே யுரேனியக் காய்ச்சலே தொடங்கியது. ஆனால் அரை மீட்டர் பாறை இருந்தாலே காமா கதிர் ஏறக்குறைய அடங்கிவிடும். 200 மீட்டர் ஆழத்தில் கிடப்பதை விமானத்தில் பறந்து பார்த்தாலும் தெரியாது. அதனால்தான் இத்தனை துளைகள்.

துளைக்குள் காமா கருவியை இறக்கினாலும் அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த சிக்கல் இதுதான். கருவிக்குக் கேட்பது யுரேனியத்தின் குரல் இல்லை. யுரேனியம் சிதைந்து படிப்படியாக வேறு தனிமங்களாக மாறும் சங்கிலியில் ரேடியத்துக்குப் பின்னால் வரும் பிஸ்மத்-214-இன் குரல். யுரேனியம் கரைந்து முன்னே போயிருக்கும், ரேடியம் பழைய இடத்திலேயே தங்கியிருக்கும். அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். காலி வீட்டில் ரேடியோ அலறுவது போல! புதிதாக வந்து படிந்த இடத்திலோ யுரேனியம் இருந்தும் சத்தம் குறைவு. யுரேனியமும் அதிலிருந்து பிறப்பவையும் முழுச் சமநிலைக்கு வரச் சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அதனால் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிப்பார்கள். அல்லது நியூட்ரான்களைச் செலுத்தி, யுரேனியம்-235 பிளவதை நேரடியாக அளப்பார்கள்.

எடுக்கும் முறையும் இதே வேதியியல்தான், தலைகீழாக. சுரங்கம் தோண்டுவதில்லை. வயோமிங்கில் ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் கலந்த நீரை, கஜகஸ்தானில் கந்தக அமிலத்தை உள்ளே செலுத்தி, யுரேனியத்தைக் கரைத்து வேறு கிணறுகள் வழியாக மேலே இறைக்கிறார்கள். உலக உற்பத்தியில் முதலிடத்தில் இருக்கும் கஜகஸ்தான் இப்படித்தான் எடுக்கிறது. அப்புறம்தான் கஷ்டமான வேலை: ஆக்சிஜன் ஏறிப்போன அந்த நீரையும் மணலையும் மறுபடி பழைய சாம்பல் நிலைக்குக் கொண்டுவருவது. இல்லையென்றால் மிச்ச யுரேனியம் நிலத்தடி நீரோடு மறுபடி கிளம்பிவிடும்.