இலை நுனியில் மிஞ்சும் ஊறுகாய்

பந்தியில் வாழையிலையின் நுனி, சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கமாக வரும்படி போடுவது நம் வழக்கம். உப்பும் ஊறுகாயும் அந்த நுனியோரத்தில்தான் விழும். மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்து தேறிய சிலரை அந்தப் பந்தியில் உட்காரவைத்துப் பாருங்கள். சோறு, குழம்பு, வலப்பக்கத்துப் பொரியல் எல்லாம் காலியாகும். நுனிப்பக்கம் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும். “ஊறுகாய் வைக்கலையா?” என்று வேறு கேட்பார். சாப்பிடும் வலக்கைக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சும் ஞாபகமும் சரியாகவே இருக்கும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பது மட்டும் அவர் மூளையின் கணக்கில் வராது.

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். பெயரில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர் வேண்டுமென்று எதையும் புறக்கணிப்பதில்லை. வீட்டில் “வேணும்னே பண்றார்”, “சோம்பேறித்தனம்” என்று திட்டு வாங்குவதும் இதனால்தான்.

பக்கவாதம் என்றதும் கையும் காலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியின் ஆய்வு வேறு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒரு வேலையைச் செய்யும்போது எந்தப் படியில், மூளையின் எந்தக் கோளாறால் தடை வருகிறது என்பது ஒன்று. இது நரம்பு-நடத்தைச் செயல்பாடு. அந்த மனிதர் தன் வாழ்க்கைக்குள், அதாவது சந்தைக்கும் கோயிலுக்கும் பந்திக்கும், திரும்பிப் போனாரா என்பது மற்றொன்று. இது பங்கேற்பு. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட, உடல்நலத்தையும் செயல்பாட்டையும் வகைப்படுத்தும் ஐ.சி.எஃப் வகைப்பாட்டில், வாழ்க்கைச் சூழலில் ஒருவர் ஈடுபடுவதே பங்கேற்பு. கையில் பலம் ஏறிய அளவுக்குப் பங்கேற்பும் ஏறிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஒரே சட்டை, ஆறு காரணங்கள்

“சட்டை போட முடியலை” என்று வீட்டார் சொல்லும்போது அதற்குள் பல வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். பார்க்கத் தெரிந்தால் சட்டையே ஒரு பரிசோதனை.

வலக்கையை நுழைத்துவிட்டு, இடக்கை வெளியே தொங்க, வேலை முடிந்தது என்று எழுந்து நடக்கிறாரா? அது உடலின் ஒரு பக்கத்தைப் புறக்கணிப்பது. கழுத்துத் துவாரத்தில் கையை விடுகிறாரா, உள்புறம் வெளிப்புறம் புரியாமல் சட்டையைச் சுற்றிச் சுற்றித் திருப்புகிறாரா? இடத்தொடர்பு உணர்வில் கோளாறு. சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தால், அந்தப் பொருளை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்ற கருத்தே நழுவியிருக்கிறது. நல்ல கையை முதலில் நுழைத்து, பிறகு பலமில்லாத கைக்கு இடம் போதாமல் திணறினால் வரிசைப்படுத்துவதில் தடை. கை முழுவதும் உள்ளே போன பிறகும் சட்டைக்கையைத் தோள்வரை இழுத்துக்கொண்டே இருந்தால், தொடங்கிய அசைவை நிறுத்த முடியாத நிலை. இந்த ஐந்தும் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் கை மட்டும் விறைத்தோ தளர்ந்தோ ஒத்துழைக்கவில்லை என்றால் அது தசைக் கோளாறு.

பலமில்லாத கையை முதலில் நுழை, கழற்றும்போது கடைசியில் எடு என்ற பொது விதி எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிறது. விதி சரிதான். ஆனால் வரிசையிலும் தசையிலும் தடை உள்ளவர்களுக்குத்தான் அது நேரடியாக உதவும். கழுத்துத் துவாரத்தில் கையை விடுகிறவருக்கு அதை நூறு முறை சொன்னாலும் பயனில்லை. காலருக்குள் ஒரு நிற நாடாவைத் தைத்து, சட்டையை மடியில் எப்போதும் ஒரே மாதிரி விரித்துவைத்துத் தொடங்கினால் அவருக்குப் பிடி கிடைக்கும்.

இந்தப் பார்வையை முறைப்படுத்தியவர் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் குவுத்ரூன் ஆர்னதோத்திர். 1990-இல் வெளியான அவரது ஏ-ஒன் மதிப்பீட்டில் உடை உடுத்தல், சுத்தம் செய்துகொள்ளல், இடம் மாறி நடமாடுதல், சாப்பிடுதல், தகவல் தொடர்பு ஆகியவை கவனிக்கப்படும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு உதவி தேவை என்பதற்கு ஓர் எண், எந்த நரம்புக் கோளாறு தடையாக இருக்கிறது என்பதற்கு வேறோர் எண். அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்க எங்கும் புழங்கும் பார்தெல் அளவுகோலில் உடை உடுத்தலுக்கு 0, 5, 10 என்று மூன்றே படிகள். 5 என்றால் பாதி உதவி வேண்டும் என்று தெரியும், எதற்காக வேண்டும் என்பது தெரியாது. சிகிச்சை அந்த ‘எதற்காக’வில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தாளில் தேறுவார், தாழ்வாரத்தில் மோதுவார்

தாளில் சிதறிக்கிடக்கும் கோடுகளைப் பேனாவால் குறுக்கே அடிக்கச் சொல்வது, ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்வது போன்ற சோதனைகள் ஐந்து நிமிடத்தில் முடியும். சிக்கல் என்னவென்றால், அமைதியான அறையில், மேசைமேல், ‘இது சோதனை’ என்று தெரிந்து செய்யும்போது பலர் தேறிவிடுவார்கள். அதே ஆள் திரும்பும் வழியில் இடப்பக்கக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். நிஜ வேலை இழுத்தடிக்கும், நடுவே யாராவது பேசுவார்கள், கவனம் சிதறும். புறக்கணிப்பு வெளியே வருவது அப்போதுதான்.

அதனால் கேத்தரின் பெர்கேகோ அளவுகோல் அன்றாடக் காட்சிகள் பத்தைக் கவனிக்கிறது. முகத்தின் இடப்பாதியைச் சவரம் செய்யாமல் விடுகிறாரா, இடது சட்டைக்கையையோ செருப்பையோ சரிசெய்கிறாரா, தட்டின் இடப்பாதியில் சோறு மிஞ்சுகிறதா, வாயின் இடது ஓரத்தைத் துடைக்கிறாரா, இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாரா, இடப்பக்க ஆட்கள் மீதும் கதவுகள் மீதும் மோதுகிறாரா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. 10 வரை லேசானது, 11 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. அதே கேள்விகளை நோயாளியிடமும் கேட்டு, அவர் தனக்குப் போட்டுக்கொள்ளும் எண்ணைத் தெரபிஸ்ட் போட்ட எண்ணிலிருந்து கழிப்பார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், குறை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் “கவனமா இருங்க” என்று சொல்வதில் பயனில்லை. தெரியாத குறையிடம் எப்படிக் கவனமாக இருப்பது?

பார்வைப் புலத்தில் பாதி போய்விடுவதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புலம் போனவர் நாளடைவில் அதை உணர்ந்து தலையைத் திருப்பித் தேடுவார். புறக்கணிப்பு உள்ளவருக்குத் தேடவே தோன்றாது. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு என்பதால் கண் மருத்துவரின் புலச் சோதனை தேவை. படிக்கும்போதும் குறிப்பு கிடைக்கும். பேருந்துப் பலகையில் ‘திருவண்ணாமலை’ என்றிருப்பதை ‘ணாமலை’ என்றோ ‘மலை’ என்றோ படிப்பவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போவதற்கு முன் ஒரு தெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

தட்டில் தொடங்கும் பயிற்சி

“இடது பக்கம் பாருங்க” என்று நாள் முழுக்கக் குரல் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. சொன்னால் பார்ப்பார். சொல்ல ஆள் இல்லாதபோது பார்க்க மாட்டார். தேடும் வேலையை அவரே தொடங்கும்படி செய்ய வேண்டும்.

தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டுங்கள். வலது ஓரத்தில் விரலை வைத்து, விளிம்பைத் தடவிக்கொண்டே நாடாவைத் தொடும்வரை போகவேண்டும். தொட்ட பிறகுதான் முதல் கவளம். விரல் போகும் வழியில் கண்ணும் போகும். இதே முறை செய்தித்தாளின் இடது ஓரத்துக்கும் கதவு நிலைக்கும் சக்கர நாற்காலியின் இடது பிரேக்குக்கும் பொருந்தும். பிரேக்கின் கைப்பிடியை ஒரு குழாயால் நீட்டி, நுனியில் அதே சிவப்பு நாடாவைச் சுற்றலாம். போடாமல் விட்ட இடது பிரேக்கால் எழும்போது விழுகிறவர்கள் பலர்.

எதையாவது விட்டுவிட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து எண்ணுங்கள். பிறகு “ஏதாவது விட்டுப்போச்சா?” என்று மட்டும் கேளுங்கள். போதவில்லை என்றால் “நாடாவைத் தொட்டீங்களா?” அடுத்து விரலால் சுட்டிக் காட்டுவது. கையைப் பிடித்துக் கொண்டுபோவது கடைசி. எந்தப் படியில் நின்றது என்பதைத் தினமும் குறித்து வைத்தால், இரண்டு வாரத்தில் படி ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எழுத்திலேயே தெரியும்.

பயிற்சி வேறு, பாதுகாப்பு வேறு. தண்ணீர், கூப்பிடும் மணி, கைபேசி மூன்றும் அவர் கவனிக்கும் வலப்பக்கமே இருக்கட்டும். கொதிக்கும் பாத்திரம் இடப்பக்கம் வரக்கூடாது. இடக்கை சக்கரத்துக்குள் தொங்காமல் மடியில் பலகையோ தலையணையோ வையுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தசைகள் தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் இறங்கிவிடும், பிறகு வலியால் மற்ற பயிற்சிகளும் நின்றுபோகும்.

ஆய்வகத்திலிருந்து வந்த வழிகளில் பெயர்பெற்றது முப்பட்டகக் கண்ணாடி. 1998-இல் பிரான்சின் ஈவ் ரொசெத்தி குழுவினர், காட்சியை 10 பாகை வலப்பக்கம் தள்ளும் கண்ணாடியைப் போட்டுச் சுமார் 50 முறை இலக்கைச் சுட்டவைத்தார்கள். கழற்றிய பிறகு கை இடப்பக்கம் சாய்ந்தது, தாள் சோதனைகளில் முன்னேற்றம் குறைந்தது இரண்டு மணி நேரம் நின்றது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் புறக்கணிப்புக்கான மருந்தில்லாத சிகிச்சைகளை அலசிய, காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வு, அன்றாட வாழ்க்கையில் நிலைக்கும் பலனை எந்த முறையும் உறுதியாக நிரூபிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. ‘மூளைப் பயிற்சி’ கருவிக்குப் பணம் கட்டச் சொன்னால், “இதனால் தட்டில் என்ன மாறும்?” என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சொன்னால் வராது, தானாக வரும்

இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் வேறொரு கோளாறு பரவலாகத் தெரியும்: அப்ராக்சியா. கையில் பலம் இருக்கும், சொல்வதும் புரிந்திருக்கும், ஆனால் செய்யத் தெரியாது. பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடிப்பார், மூடியைத் திறக்காமல் பேஸ்டைப் பிதுக்குவார், தண்ணீர் ஊற்றாமல் சோப்புப் போடுவார். “கும்பிடுங்க” என்றால் தடுமாறுகிறவர், கற்பூரத் தட்டு வந்ததும் தானாகக் கை கூப்புவார். இதைப் பார்த்துத்தான் “நடிக்கிறார்” என்கிறார்கள். சொல்லிச் செய்வதும் சூழலால் தூண்டப்பட்டுச் செய்வதும் மூளையில் வேறு வேறு பாதைகள். ஆகவே பல் துலக்கக் கூடத்தில் கற்றுக்கொடுக்காதீர்கள். காலையில், வாஷ்பேசின் முன்னால், அவருடைய பிரஷ்ஷோடு தொடங்குங்கள்.

ஜெர்மனியில் நடந்து 1998-இல் வெளியான கோல்டன்பெர்க், ஹாக்மன் ஆய்வில் 15 பேருக்கு ரொட்டியில் மார்கரின் தடவுவது, டி-ஷர்ட் போடுவது, பல் துலக்குவது ஆகியவை தவறுக்கு இடம் கொடுக்காமல் கற்பிக்கப்பட்டன. பயிற்சி தந்த வேலையில் தேறினார்கள், தராத வேலையில் இல்லை. ஆறு மாதம் கழித்து, வீட்டில் தொடர்ந்து செய்துவந்தவர்களிடம்தான் அந்தத் திறன் நின்றது. மருத்துவமனையில் தானே பல் துலக்கியவருக்கு வீட்டில் மகள் துலக்கிவிட்டால் கற்றது போய்விடும். பாசத்தால் நேரும் நஷ்டம்.

வாசலைத் தாண்டி

பார்தெல் அளவுகோலில் 100 எடுத்தாலும் ஒருவர் தனியாக வாழ முடியும் என்று பொருளில்லை என்று அதை உருவாக்கியவர்களே 1965-இல் எழுதிவிட்டார்கள். சமையலும் வெளியுலகமும் அதற்குள் வராது. வீட்டுக்குள் எல்லாம் செய்துகொள்கிறார், வாசலைத் தாண்டுவதில்லை என்பது அடிக்கடி காணும் நிலை.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் 2004-இல் 168 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குப் போக்குவரத்துத் தகவல் தாள்கள் மட்டும். மற்றக் குழுவுக்கு அதோடு தெரபிஸ்ட் ஏழு முறை வரை வந்து வெளியே செல்லப் பழக்கினார். நான்காம் மாதத்தில் தகவல் தாள் குழு மாதத்துக்கு 14 பயணம், பழகிய குழு 37. இவை இடைநிலை எண்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவை. பிறகு 15 மையங்களில் 568 பேரிடம் செய்த பெரிய ஆய்வு 2014-இல் வந்தது. பயணங்கள் கூடியிருந்தன, வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளில் வித்தியாசம் இல்லை. தோல்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வெளியே எத்தனை முறை போனார் என்பதையும், போன இடத்தில் அவருக்கு வேண்டியது கிடைத்ததா என்பதையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று தெரிகிறது.

அதற்குக் கைகொடுப்பது 1991-இல் கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். என்ற மதிப்பீட்டு முறை. நோயாளியே தனக்கு முக்கியமான வேலைகளை, ஐந்து வரை, சொல்வார். ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை எண் போடுவார். மறு மதிப்பீட்டில் 2 புள்ளி கூடினால் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம்.

நம் ஊரில் இதைக் கேட்டால் மேலைநாட்டுப் படிவங்களில் இல்லாத பதில்கள் வரும். வலக்கை விழுந்துபோனவர் இடக்கையால் சாப்பிட வேண்டும், கால் கழுவுவதும் அதே கைதான். வீட்டில் எப்படியோ சமாளிப்பார், பந்தியில் உட்கார மாட்டார். கல்யாணத்துக்கே போவதை நிறுத்திவிடுவார். இதற்குக் கைப்பயிற்சி விடையில்லை. கழிப்பறையில் கைத்தெளிப்பானும் நீண்ட பிடி உள்ள துடைப்பானும், சாப்பிடுவதற்குத் தடித்த பிடியுள்ள கரண்டியும், பந்தியின் ஓரத்து இருக்கையும்தான் விடை. வேட்டியை முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுவர இரண்டு கை வேண்டும் என்பதால் கோயிலுக்குப் போகாதவருக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி போதும். இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவர் பிராகாரம் சுற்றும்போது சந்நிதி அவர் கவனிக்கும் வலப்பக்கமே வரும், முந்திச் செல்லும் கூட்டமும் தூண்களும் அவர் காணாத இடப்பக்கம். கூடப் போகிறவர் இடப்பக்கம் நடக்கட்டும். விசேஷ நாளை விட்டு, கூட்டம் குறைந்த பிற்பகலில் ஒரு சுற்று மட்டும் போய்வந்து பார்க்கலாம்.

அடுத்த முறை தெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது, நோயாளி சட்டை போடுவதையும் ஒரு வேளை சாப்பிடுவதையும் அவர் சம்மதத்தோடு கைபேசியில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். நடுவில் உதவாமல், தட்டு முழுவதும் சட்டகத்துக்குள் வரும்படி, முழு நேரமும் எடுங்கள். சாப்பிட்டு முடித்த தட்டை மட்டும் கடைசியில் மேலிருந்து ஒரு படம்.