ஓர் அசைவு போதும்

உடலில் ஒரே ஒரு தசைதான் சொன்னபடி கேட்கிறது என்றால், அதை வைத்துக்கொண்டு எவ்வளவு பேசிவிட முடியும்? தசைகளை முடக்கும் நோயோடு வாழ்ந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் உரைகள் நிகழ்த்தினார், நூல்கள் எழுதினார். 1985இல் அறுவை சிகிச்சையால் குரலை இழந்தவர் அவர். பின்னாளில் கையும் ஓய்ந்தபோது, மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அவருடைய கன்னத்தின் அசைவைப் படித்தது.

திரையில் எழுத்துகள் மீது ஓர் ஒளிக்கட்டம் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் கன்னத்தை அசைத்தால் அது பதிவாகும். 36 கட்டங்களை ஒவ்வொன்றாகக் கடந்தால் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 18.5 நகர்வுகள். அவற்றை ஆறு ஆறாக ஆறு வரிசைகளில் அடுக்கி, முதலில் வரிசை, அப்புறம் அதிலுள்ள எழுத்து என்று தேர்ந்தெடுத்தால் 7 போதும். அப்போதும் இது ஆமை வேகம்தான். 2011 வாக்கில் அவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல்தான் எழுத முடிந்தது.

இந்த இடத்தில் மொழியின் இயல்பே கைகொடுக்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இடைவெளியும் சம வாய்ப்போடு வந்தால், ஒவ்வொன்றையும் குறிக்க 4.75 பிட் தகவல் வேண்டும். ஆனால் முன்னால் வந்ததைப் படித்தவருக்கு அடுத்த எழுத்தை அறிய சுமார் 1 பிட்டே போதும் என்று, தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1951இல் மதிப்பிட்டார். அதாவது, ஒரு ‘ஆம்/இல்லை’ பதிலின் அளவு! இன்டெல் பொறியாளர்கள் ஹாக்கிங்குக்காக அமைத்த மென்பொருள், அவருடைய எழுத்துகளிலிருந்தே சொல் வழக்கைக் கற்றுக்கொண்டது. ‘பிளாக்’ என்று தேர்ந்தால் ‘ஹோல்’ தானாக முன்வந்து நிற்கும்.

மூளையில் பதிக்கும் மின்முனைகளில் இப்படிக் கற்றுக்கொள்வது கருவி, மனிதர் என இருபக்கமும் நடக்கிறது. கையால் எழுத முயல்வதாக எண்ணிய ஒருவரின் மூளைச் சமிக்ஞைகளைப் படித்து, நிமிடத்துக்கு 90 எழுத்துகள் வரை திரையில் வரவைத்ததாக 2021இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மின்முனை இம்மியளவு நகர்ந்தாலும் சமிக்ஞை மாறிவிடும் என்பதால், கருவி தன் கணிப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரத்தில் மனிதரும் திரையைப் பார்த்துத் தன் முயற்சியை மாற்றிக்கொள்கிறார். கருவி அவசரமாக மாறினால், அவர் நேற்றுப் பழகியது இன்று உதவாது. அதனால் அது நிதானமாகத்தான் மாற வேண்டும்.

வேகத்தை மட்டும் வைத்து இக்கருவிகளை எடைபோடுவது தவறு என்று நினைக்கிறேன். களைத்துப்போன ஒருவர், தான் நினைத்த சொல்லை விட்டுவிட்டு, கருவி நீட்டும் சொல்லுக்கே தலையாட்டிவிடக்கூடும். பேச்சு அவருடையதாக இருக்க வேண்டுமானால், ஏற்பதைப் போலவே மறுப்பதற்கும் ஓர் அசைவுக்கு மேல் தேவைப்படக் கூடாது.